கேட்டு வாங்காத கிழங்குகள்

அக்கா,

கை அரிக்கிறது. விரல் இடுக்கில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. புளித்தண்ணீரில் கழுவினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. உன் பந்துப் பூக் கிழங்கின் சாறு பட்டால் எனக்கு இப்படித்தான் ஆகும். நீயும் அரிப்பை வைத்தே என்னைப் பிடித்துவிடுவாய். "இன்னாம்மே, கைய சொறிஞ்சிக்கினே நிக்கற? எவ ஊட்டு மண்ணுல கைய உட்ட?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல் வரும். நேற்றிலிருந்து சொறிந்துகொண்டிருக்கிறேன். கேட்க ஆளில்லை.

வராந்தாவில் பேப்பர் விரித்து உன் கிழங்குகளை நிழலில் காயவைத்திருக்கிறேன். அடிபட்ட இடத்தில் மஞ்சள் தூள் தடவியாயிற்று. பாதி வெங்காய வாசனை, பாதி நனைந்த சாக்கு வாசனை. பக்கத்தில், உன் வீடு இருந்த இடத்தில், காலையிலிருந்து ஜேசிபி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. சரி, உனக்காவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்தது ஒரு மே மாதத்தில். அவருக்கு ரோலிங் மில்லில் வேலை. எனக்கு நீ பேக்கிங்கில் இருந்த அதே கெமிக்கல் கம்பெனியில், டைம் ஆபீஸில். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மில் தூசி படிந்து தெருவில் முருங்கை இலைகூடக் கறுப்பாகத்தான் இருந்தது. துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், உன் கொல்லையில் வரிசையாகச் சிவப்புப் பந்துகள். இலை இல்லை, கிளை இல்லை. தரையிலிருந்து நேராக ஒரு தண்டு, அதன் தலையில் ஒரு பந்து. அதுவரை நான் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே உன்னிடம் வந்து, "அக்கா, அதுல ஒரு கிழங்கு குடுங்க" என்று கேட்டேன்.

"குடுக்க மாட்டேன்" என்றாய். வேறு ஒரு வார்த்தை இல்லை. சிரிப்புகூட இல்லை.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அவரிடம் போய், பக்கத்து வீட்டுக்காரி சரியான பிசினாறி, இனி அந்தச் சுவர்ப் பக்கமே போக மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடி போகவும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் உன்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தை மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ உன் கேட்டுக்கு வெளியே நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாய். "நான் பொன்னேரிக்குப் போறேன்! ஊட்ல யாரும் இல்ல! கேட்டு சும்மா சாத்தித்தான் கீது!" தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. யாரிடம் சொல்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. பைத்தியமோ என்று நினைத்துக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் திரும்பி வந்தாய். கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்குள் வந்து நின்றாய். முகமெல்லாம் கோபம்.

"இன்னா பொம்பள நீ? ஒரு கெழங்கு திருடக்கூட உனக்குத் துப்பில்லயா? வெயில்ல பொன்னேரி வரைக்கும் போய் சும்மா சுத்திக்கினு வந்துகிறேன் நானு!"

அப்புறம்தான் விளக்கம் சொன்னாய். கேட்டு வாங்கினால் செடி தங்காது, திருடிக்கொண்டு போனால்தான் பிழைக்கும். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவளை நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடி பொன்னேரிக்குப் போனாய். இந்தத் தடவை நான் உன்னை ஏமாற்றவில்லை.

அன்றிலிருந்து நம் இரண்டு பேருக்கும் அதுதான் பிழைப்பு. நான் திருடுவேன், நீ திருடுவாய். யாரும் யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது. எடுத்தாயா என்று கேட்கக் கூடாது. எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவும் கூடாது. பூத்த பிறகு, எடுத்தவள் வந்து, "எங்க ஊட்ல ஒண்ணு பூத்துகீது, எங்கேந்து வந்துச்சோ தெரியல" என்று சொல்ல வேண்டும். மற்றவள், "அப்படியா? ஆச்சரியமா கீதே" என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். அதில் எப்போதும் நான்தான் தோற்பேன்.

இந்தக் கிழங்குகளில் ஒரு வசதி உண்டு. கார்த்திகை மார்கழியில் இலை மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு மேலே ஒன்றும் இருக்காது, வெறும் மண்தான். கிழங்கு அடியில் தூங்கும். அது தூங்கும்போதுதான் தோண்டி எடுக்க வேண்டும். இலை இருக்கும்போது பிடுங்கினால் அந்த வருஷம் பூ கிடையாது. ஆகையால் தை, மாசியில் திருட்டுப் போனது உனக்குத் தெரியவே தெரியாது. மே மாதம் வரிசையில் ஒரு இடம் காலியாக இருக்கும்போதுதான் தெரியும். உன் ஷிஃப்ட் அட்டவணையைத் தட்டச்சு செய்பவளே நான். நீ எந்த வாரம் காலை ஷிஃப்ட், எந்த வாரம் மதியம் என்பது உனக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். "போலீஸ்காரங்கிட்டயே சாவியக் குடுத்த கதையா கீது" என்று ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டாய். திருடியிடம் என்றுதான் சொல்ல வந்தாய், கோபத்தில் மாறிவிட்டது.

நீ மட்டும் என்ன யோக்கியமா? என் மகள் கல்யாண வரவேற்பு வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்துகொண்டிருந்தது. கூட்டம் நெரிகிறது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்த நீ பாயசக் கரண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாய். என் சம்பங்கிப் பாத்தியில் கிழங்கைக் கிளறி எடுத்து, என் வீட்டுத் தாம்பூலப் பையிலேயே போட்டு, தேங்காய்க்கு மேல் வைத்துக்கொண்டு போனாய். சமையல்காரர் கரண்டி எங்கே கரண்டி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார். மறுநாள் அது மண்ணோடு தொட்டியடியில் கிடந்தது. ஒருமுறை உன்னிடம், "சர்ச்சுல சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இதையெல்லாம் சொல்லுவியா அக்கா?" என்று கேட்டேன். "இது பாவக் கணக்குல வராதும்மே. அவரே எங்க ஊட்லேந்து மழை லில்லி எத்துக்கினு போயிருக்காரு" என்றாய்.

உன்னிடமிருந்து எடுத்த முதல் கிழங்கு என் வீட்டில் ரொம்ப நாள் பூக்கவே இல்லை. வருஷா வருஷம் பெரிய பெரிய இலையாக விட்டுவிட்டு அடங்கிவிடும். காரணம் நான்தான். வெறும் மண்ணைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. மார்கழியிலும் தினம் ஒரு சொம்பு ஊற்றுவேன். நீ சுவருக்கு மேல் அதைப் பார்த்துப் பார்த்துத் துடித்தாய். சொல்லவும் முடியாது, நாம் போட்ட சட்டம் தடுக்கிறது. ஒருநாள் தாங்காமல் சுவர் மேல் உட்கார்ந்திருந்த காக்காயிடம் சொன்னாய். "காக்கா, தூங்கற கெழங்குக்குத் தண்ணி ஊத்துனா அழுவிப்பூடும்னு அந்தப் பொம்பளகிட்ட போய் சொல்லு. பட்டினி போட்டாத்தான் பூக்கும்னு சொல்லு." காக்கா பறந்துவிட்டது. நான் சொம்பைக் கீழே வைத்தேன். அடுத்த மே மாதம் எனக்கு ஒரு சிவப்புப் பந்து கிடைத்தது.

இதெல்லாம் சிரிப்புக்கு. ஆனால் ஒன்றை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அவர் தவறிப்போன வருஷம் உனக்கு நினைவிருக்கும். என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கொடுக்கத்தான் வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், இட்லி கொண்டுவந்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். ரயிலில்கூட எழுந்து இடம் கொடுத்தார்கள். வாங்கி வாங்கி எனக்குக் கூச்சமே போய்விட்டது. என்னிடம் இனி எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, போடுவதை வாங்கிக்கொள்ள வேண்டியவள்தான் நான் என்று ஆகிவிட்டது. அந்தத் தை மாதம் ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நீ என் கொல்லையில் குந்திக்கொண்டு தோண்டுகிறாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தாலி அறுத்தவள் வீட்டில் புகுந்து திருடுகிறாளே, இவள் மனுஷியா என்று பல்லைக் கடித்தேன். வேகமாகக் கதவு வரைக்கும் போனேன். கதவில் கை வைத்த பிறகுதான் தோன்றியது, இத்தனை மாதத்தில் நான் வேகமாக நடந்தது இதுதான் முதல் தடவை என்று. நீ போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். அழுதேன். அன்று ராத்திரி எனக்கென்று உலை வைத்துச் சோறு பொங்கினேன்.

நீ போனது ஐப்பசி மழையில். ஜுரம் என்றாய், சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார்கள், சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆட்டோவில் ஏறும்போது உன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாய். "இலை சாயப்போற நேரம்மே. பாவம் பாவம்னு தண்ணிய ஊத்திக்கினு நிக்காத" என்றாய். நேராக என்னிடமே சொன்னாய், காக்காயிடம் இல்லை. அப்போதே எனக்குப் பயம் வந்தது. திரும்பி நீ வரவில்லை. கல்லறைத் தோட்டத்திற்கு உன்னைக் கொண்டுபோன அன்றும் மழை விடவில்லை.

போன வாரம் உன் மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். வீட்டை விற்றாயிற்றாம். வாங்கினவர் இடித்துவிட்டு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகை ரூம் கட்டப்போகிறாராம். திங்கட்கிழமை ஜேசிபி வருகிறதாம். குரல் கம்மிப்போய்ச் சொன்னான், அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் பிழைப்பு அங்கே. கடைசியாக, "ஆண்ட்டி, அம்மாவோட செடி எது வேணுமோ எடுத்துக்கோங்க. எல்லாத்தையும் உங்களுக்கே குடுத்துடறேன்" என்றான்.

"குடுக்காதே!" என்று கத்திவிட்டேன்.

பையன் பயந்துபோனான். "ஏன் ஆண்ட்டி? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"நீ ஒண்ணும் சொல்லாம இருப்பா. குடுக்கறேன்னு சொல்லாதே. எனக்கு வேண்டாம்."

"சரி ஆண்ட்டி" என்றான் பாவம். "அப்ப கேட்டைப் பூட்டி வெக்கச் சொல்லிடறேன். வாட்ச்மேன் ஒருத்தர் அங்கேயே தங்கியிருக்கார்."

போனை வைத்த பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேட்டு வாங்கினால் தங்காது. வாங்காவிட்டால் திங்கட்கிழமை மண்ணோடு மண்ணாக நசுங்கும். எனக்கு மூட்டு வலி. உன் கேட்டில் பூட்டு. இந்த வயதில் சுவர் ஏறிக் குதிப்பதா? உன் கிழங்கு என் வீட்டிலும் இருக்கிறதே, அது போதாதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போதாது. அவை எடுத்தவை. எடுக்காமல் விட்டவை அங்கேதான் இருந்தன. அவை இருக்கும்வரைதான் எனக்கு உன் வீட்டில் திருட இன்னும் பாக்கி இருக்கிறது.

நேற்று ஞாயிறு மத்தியானம், தெரு முழுக்கச் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். பிளாஸ்டிக் ஸ்டூலைச் சுவரோரம் போட்டேன். இந்தப் பக்கம் ஏறியது ஒரு மாதிரி சமாளித்துவிட்டேன். அந்தப் பக்கம் இறங்கியதைப் பற்றி எழுதினால் நீ கல்லறைக்குள்ளேயே சிரிப்பாய். புடவை கிழிந்தது. களைக்கொத்து முதலில் விழுந்தது, பிறகு நான்.

செங்கல் பதித்த உன் பாத்தி அப்படியே இருந்தது. மேலே ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அடையாளம் வேண்டுமா? அந்த வீட்டின் திருடி ஆயிற்றே நான். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொத்தினேன். மண் ஈரமாக இருந்தது. இருக்கக் கூடாத ஈரம். விரலை விட்டேன், கூழ். அழுகின வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அடுத்ததும் கூழ். உனக்குப் பின்னால் நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை அக்கா, சத்தியமாக. பைத்தியம் மாதிரி இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தேன்.

"அம்மா! ஏ அம்மா!"

வாட்ச்மேன். நடு வயதுக்காரர், பீகார் பக்கமாம். கையில் கம்பு. என்னைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டார். கிழிந்த புடவையும் மண் கையுமாக நான் இருந்த கோலத்துக்குக் கம்பு தேவையில்லை என்று தோன்றியிருக்கும்.

"கேட் இருக்கு அம்மா. ஏன் செவுரு? நீங்க கேளு, நான் தொறக்கும்" என்றார்.

கேட்டால் தங்காது என்பதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது? நான் அழுகின கிழங்கைத் தூக்கிக் காட்டி, தண்ணீர் எப்படி வந்தது என்று சைகையில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நான்தான் அம்மா. டெய்லி தண்ணி போடுறேன். கட்டம் கட்டி வெச்சிருக்கு, ஒண்ணும் வரல. பாவம்னு தண்ணி போடுறேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். அந்த 'பாவம்' என்னை நிறுத்திவிட்டது. என் சொம்பும் அந்தச் சொல்லைத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. இடிக்கப்போகிற வீட்டில், யாருடையது என்றே தெரியாத காலி மண்ணுக்கு ஒருவர் தினம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு நான் என்ன தேடுகிறேன் என்பதைப் புரிந்துகொண்டு, என் பக்கத்தில் கிடந்த களைக்கொத்தை மெதுவாக எடுத்தார். பாத்தியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பொறுமையாகத் தோண்டினார். கெட்டியானதை ஒரு பக்கம், அழுகினதை ஒரு பக்கம் போட்டார். கோடியில் தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்தவை நன்றாக இருந்தன, பக்கக் குட்டிகளோடு. துண்டில் மண்ணைத் தட்டித் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார்.

"லோ அம்மா, எடுத்துக்கோ."

நான் வாங்கக் கூடாது. கீழே வைக்கச் சொல்லி, அவரை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி, எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நீயாக இருந்தால் அதைத்தான் செய்ய வைத்திருப்பாய். ஆனால் ஒரு மனிதர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார் அக்கா. முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டேன்.

என்னைச் சுவர் ஏற விடவில்லை அவர். கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், பூட்டைத் திறந்து, முன் கேட் வழியாக அனுப்பிவைத்தார். இத்தனை வருஷத்தில் உன் கிழங்கோடு உன் முன்வாசல் வழியாக நான் வெளியே வந்ததே இல்லை. தெருவில் இரண்டு பேர் பார்த்தார்கள். முந்தானையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்த நன்றியை விழுங்கிவிட்டேன். அதையாவது உனக்காகக் காப்பாற்றினேன். அவர் என்ன நினைத்தாரோ.

இப்போது ஜேசிபி நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. எட்டிப் பார்த்தேன், உன் சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்டார்கள். நடுச்சுவரை மட்டும் விட்டிருக்கிறார்கள். கிழங்கு காய்ந்ததும் தனித்தனித் தொட்டியில், மணல் கலந்த மண்ணில், கழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைப்பேன். முளை எழும்பும்வரை தண்ணீர் காட்ட மாட்டேன். தங்குமா தங்காதா, தெரியவில்லை. கையால் வாங்கினது.

ரூம் கட்டி முடித்ததும் ஆட்கள் வருவார்கள். அந்த வாட்ச்மேனைப் போல நல்லவர்களாகவே வருவார்கள் என்று நினைக்கிறேன். சிலிண்டரை நகர்த்தித் தரச் சொன்னால் நகர்த்தித் தருவார்கள். மருந்து வாங்கி வரச் சொன்னால் வாங்கி வருவார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் தேங்க்ஸ் சொல்வேன். இந்த ஊரில் நான் கேட்காமல் நுழைந்து, கேட்காமல் எடுத்துக்கொள்ள ஒரு வீடு இருந்தது, அக்கா. இனி எனக்கு எது வேண்டுமானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.